என் எண்ணில் ஒரு கணக்கு

மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் அவளுக்குப் போன் வந்தது. என் கணவர் லீவில் வந்தபோது வாங்கி வந்தார். அவர் ராணுவத்தில் ஹவில்தார். அப்போது அஸ்ஸாமில் இருந்தார். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வேலை ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்றின் ஆபீஸில். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவேன். பள்ளிக்கூடம் விட்டு மகள் வீட்டுக்கு வருவதற்கும் நான் வந்து சேர்வதற்கும் நடுவில் அவள் தனியாக இருக்கும் நேரம்தான் எனக்கும் அவருக்கும் பெரிய பயம்.

என்ன பயம் என்று நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. பெண் பிள்ளை கையில் போன் என்றாலே எங்கள் பக்கத்தில் அடுத்த பேச்சு பையனைப் பற்றித்தான் இருக்கும். மில்லில் மதியச் சாப்பாட்டை விரித்துவிட்டால் இந்தக் கதைகள்தான் ஓடும். ஆலங்குளத்தில் ஒரு பெண் யாரையோ நம்பிப் போய்விட்டாள், தென்காசிப் பக்கம் ஒருத்தி போட்டோவை அனுப்பி மாட்டிக்கொண்டாள் என்று. கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைவேன். 

கணவர் ஒரு ஏற்பாட்டோடு வந்திருந்தார். கூட வேலை பார்க்கிற ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே பார்க்கிற ஆப். மகளை எதிரில் உட்காரவைத்து அதை இரண்டு போனிலும் ஏற்றினார்.

"பாப்பா, அப்பா ஒன்னய சந்தேகப்படுறேன்னு நெனைக்காத. ஒலகம் அப்பிடிக் கெடக்கு. அம்மா வேலைக்குப் போயிருதா, நான் எங்கயோ கெடக்கேன்."

"பாத்துக்கோங்கப்பா. எனக்கென்ன?" என்றாள் அவள். முகத்தில் சுணக்கமே இல்லை.

அவள் எந்த ஆப்பைத் திறக்கிறாள், எத்தனை நேரம் பார்க்கிறாள், எங்கே இருக்கிறாள் எல்லாம் எனக்குத் தெரியும். புதிதாக எதையும் ஏற்ற வேண்டுமென்றால் என்னிடம் அனுமதி கேட்டு மணி அடிக்கும். சொந்தப் படம் போடக் கூடாது, தெரியாத ஆளோடு பேசக் கூடாது, படுக்கப் போகும்போது போன் சமையலறை அலமாரிக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டோம். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அப்படியே நடந்தும் காட்டினாள்.

ஆபீஸில் வேலைக்கு நடுவே என் போனை எடுத்துப் பார்ப்பேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி பள்ளிக்கூடத்தின் மேல் இருக்கும். சாயங்காலம் அது மெல்ல நகர்ந்து எங்கள் தெருவுக்கு வந்து நிற்கும். நின்றதும் எனக்கு மூச்சு வரும். மற்ற பெண்களிடம் அதைக் காட்டியும் இருக்கிறேன். "எனக்கும் இத ஏத்தித் தாக்கா. எம்மவன் எங்க போறான், வாரான்னே தெரியல" என்று எனக்கு எதிர் மேஜையில் உட்காரும் பெண் கேட்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு தோழி உண்டு. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இருப்பாள். எனக்கு அன்று அரை நாள்தான் வேலை என்பதால் நானும் இருப்பேன். அவள் படியேறும்போதே சத்தம் வந்துவிடும். அப்படிக் கணீரென்று பேசுவாள். அவளுடைய அப்பாவுக்குக் காது மந்தம். சின்ன வயதிலிருந்தே அவரிடம் உரக்கப் பேசிப் பேசி அவளுக்குக் குரல் அப்படியே நின்றுவிட்டது.

"அத்தை, எங்கம்மா வைக்கிற புளிக்கொழம்பெல்லாம் ஒரு கொழம்பா? ஒங்ககிட்டத்தான் கத்துக்கிடணும்" என்று மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள். கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். சாப்பிட்டதும் பாயில் சாய்ந்து குழந்தை மாதிரி தூங்கிப்போவாள். அவளுக்குச் சமைத்துப் போடுவது எனக்குப் பிடித்திருந்தது. என் மகள் எண்ணி எண்ணிச் சாப்பிடுகிறவள்.

அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அந்தப் பெண் வருவது நின்றுபோனது.

"எங்கட்டி ஒன் கூட்டாளியக் காணும்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு வேற ஃப்ரெண்ட்ஸ் கெடச்சிட்டாங்கம்மா" என்றாள் மகள், இட்லியைப் பிட்டுக்கொண்டே. பிள்ளைகள் என்றால் சேர்வதும் பிரிவதும் உள்ளதுதானே. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆப்பில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மாசியில் ஒரு நாள், ஆபீஸில் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஒடனே வர முடியுமாம்மா? போன்ல சொல்றதுக்கில்ல."

ஆபீஸில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது எந்தத் தெருப் பையனாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். டியூஷன் பையனா? பக்கத்து வீட்டுக்கு வந்துபோகிற பையனா? எது வரை போயிருக்கும்? கோபுரம் தெரிந்ததும், "தாயே, பையன் விஷயமா மட்டும் இருக்கக் கூடாது. வேற எது வந்தாலும் தாங்கிக்கிடுதேன்" என்று கும்பிட்டேன். அன்றைக்கு அந்த வேண்டுதல் பலித்தது.

தலைமையாசிரியை அறையில் வகுப்பு டீச்சர் நின்றிருந்தார். மகளின் தோழியுடைய அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அந்த மரியாதை எனக்கு எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

"இதப் பாருங்கம்மா" என்று தலைமையாசிரியை தன் போனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

படமும் வீடியோவும் போடுகிற ஆப்பில் ஒரு பக்கம். அதன் பெயர் 'வன்னியம்பட்டி மைக்செட்'. உள்ளே முழுக்க அந்த ஒரு பெண்தான். வாய் நிறையச் சோறோடு ஒரு படம். அக்குளில் வியர்வை படிந்த யூனிஃபார்ம் ஒரு படம். வகுப்பில் எழுந்து பதில் சொல்லத் திணறுவது ஒரு வீடியோ. அவள் பேசுவதை இன்னொரு குரல் அப்படியே நடித்துக் காட்டுவது இன்னொன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. சுருக்கமாக, குறும்பாக, நன்றாகவே எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள், வரிசை வரிசையாக. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் மட்டுமில்லை, ராஜபாளையத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஊர் பெயர் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

டீச்சர் ஒரு ஆடியோவைப் போட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே யாரிடமோ தனியாகப் பேசி அனுப்பியது. "எங்கப்பாவுக்கு இப்ப நான் கத்துனாத்தான் கேக்குதுட்டி. ரோட்டுல பஸ்ஸு ஆரன் அடிச்சாக் கூடத் திரும்ப மாட்டேங்காரு. பள்ளிக்கூடத்துல இருக்கும்போதெல்லாம் எனக்கு அதே நெனப்பாவே இருக்கு." அதன் பின்னணியில் கோமாளி இசை ஓடியது.

தோழியின் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இன்னும் புரியாமல்தான் இருந்தேன். யாரோ செய்திருக்கிறார்கள், என் மகளுக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டிருப்பாள், அதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது அடுத்த படம் வந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தபடி பாயில் தூங்குகிறாள். அவள் தலைமாட்டில் பச்சைப் பூப்போட்ட திரை. அந்தத் திரையை நான்தான் தைத்தேன். அந்தப் பாய் எங்கள் பாய். அன்றைக்கு அவள் என் கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

"நாலு பிள்ளைக சேந்து செஞ்சிருக்காங்கம்மா" என்றார் தலைமையாசிரியை. "எழுதினது, போட்டது எல்லாம் ஒங்க பொண்ணுதான்னு மத்த மூணு பேரும் சொல்லிட்டாங்க. இந்தக் கணக்கு எந்த நம்பர்ல தொடங்கியிருக்குன்னு கம்ப்யூட்டர் மிஸ் பாத்தாங்க. கடைசி ரெண்டு எண்தான் தெரிஞ்சது. அது ஒங்க நம்பர் மாதிரி இருக்கு."

"என் நம்பரா?"

"ஒங்க போன எடுங்க."

எடுத்தேன். அந்த ஆப் என் போனிலும் உண்டு. சேலை டிசைன், கோலம் பார்ப்பதற்காக வைத்திருந்தேன். டீச்சர் வாங்கி ஓரத்தில் எங்கோ அழுத்திப் பிடித்தார். இரண்டு கணக்குகள் வந்தன. ஒன்று ரோஜாப் பூப்படம் வைத்த என்னுடையது. இன்னொன்று மைக்செட். என் கைப்பையிலேயே ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தினமும் போய் வந்திருக்கிறது.

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப் பெற்றோர் எண்ணில்தான் இருக்கும். நான் வந்து உலை வைத்ததும், "அம்மா, ஹோம்வொர்க் போட்ருக்காங்க, ஒங்க போனத் தாங்க" என்று வாங்கிக்கொள்வாள். நான் அவளுடைய போனைத் திறந்து அன்றைக்கு என்னென்ன பார்த்தாள் என்று சோதித்துக்கொண்டிருப்பேன். அவள் ஹாலில் என் போனை வைத்துக்கொண்டிருப்பாள்.

தோழியின் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் கையை விலக்கவில்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

"எம்மவ ரெண்டு வாரமாப் பள்ளிக்கூடம் வரலக்கா" என்றார். "காய்ச்சல்னு நெனச்சோம். பொறவு அவ அண்ணன்தான் கண்டுபிடிச்சான். நான் சண்டைக்கு வரல. ஒங்க வீட்டுல சாப்பிட்டதச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவா. ஏன் இப்பிடிச் செஞ்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவ அதத்தான் கேக்கச் சொன்னா."

அந்தப் பக்கத்தை அங்கேயே அழிக்கவைத்தார்கள். நான்கு பேரையும் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் வர வேண்டாம் என்றார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் செஞ்சட்டி?"

"சும்மாதாம்மா."

"சும்மான்னா?"

"மொத நாள் ஒண்ணு போட்டோம். எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுதுனா நெறையப் பேரு பாத்தாங்க. பொறவு அடுத்து என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அம்புட்டுதான்."

"அவ மேல ஒனக்கு எதுவும் கோவமா?"

"இல்லையே." யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "அவள எனக்குப் பிடிக்கும்மா."

கை ஓங்கினேன். அவள் ஒதுங்கவில்லை. எனக்கு அடிக்கவும் வரவில்லை. அவள் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் எதையோ செய்தாள், அதற்குப் பழிவாங்கினேன் என்று சொல்லியிருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு நுனி கிடைத்திருக்கும். அவள் என் வயிற்றில் பிறந்தவள், காய்ச்சல் வந்தால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள், பூனைக்குட்டிக்குப் பால் வைக்கிறவள். அவளேதான் அந்த ஆடியோவைக் கேட்டு, அதற்கு ஏற்ற இசையைத் தேடி எடுத்துச் சேர்த்திருக்கிறாள்.

சாயங்காலம் கணவர் வீடியோவில் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முகம் இறுகிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பையன் எவனும் இல்லல்ல?"

"இல்ல."

அவர் மூச்சு விட்டது அஸ்ஸாமிலிருந்து எனக்குக் கேட்டது. "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பிள்ளைக வெளையாட்டு. அந்தப் பிள்ளகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு. போனப் பிடுங்கி வையி."

"அந்தப் பிள்ள பள்ளிக்கூடத்துக்கே வரலங்க."

"வரும். ரெண்டு நாளு போனாச் சரியாயிரும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பஸ்ஸில் நானும் அதையேதான் வேண்டிக்கொண்டு வந்தேன். இத்தனை நாளும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாசலில் காவல் நின்றிருக்கிறோம். வெளியேயிருந்து யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தோம். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒன்று போய் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் போனேன். வீட்டு முன்னால் அந்தப் பெண்ணின் அப்பா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

"வாங்க, வாங்க! ஏத்தா, யாரு வந்திருக்கான்னு பாரு! ஒன் ஃப்ரெண்டு வந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அவள் வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். என் கையில் போன் இருப்பதைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒரு எட்டுப் போய்விட்டாள். "அத்தை, அத உள்ள வைச்சிருங்க" என்றாள். எனக்கு முதலில் காதில் விழவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். இரண்டாம் தடவை உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். போனைப் பையில் போட்டுப் பையைத் தரையில் தள்ளி வைத்தேன்.

"காப்பி போடச் சொல்லுத்தா" என்றார் அப்பா.

அவள் அவரிடம் ஏதோ சொன்னாள்.

"என்னத்தா?" அவர் காதைச் சாய்த்துக்கொண்டு அருகில் வந்தார். அவள் மறுபடியும் அதே குரலில் சொன்னாள். "கேக்கலையேத்தா. நல்லாச் சொல்லு." அவள் சொல்லவில்லை. கையால் உள்ளே காட்டினாள். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கொஞ்ச நாளாத் தொண்ட கட்டிக்கிச்சு இவளுக்கு. டாக்டர்ட்டக் காட்டணும்."

அந்த வீட்டில் அவருக்கு எட்டிய குரல் அது ஒன்றுதான்.

மகள் அழத் தொடங்கியிருந்தாள். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதாள். "ஸாரிட்டி" என்றாள்.

"ஏன்ட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமே இல்லாமல், பாடத்தில் புரியாததைக் கேட்கிற மாதிரி. "நான் என்ன செஞ்சேன்னு சொல்லு. தெரிஞ்சா மறந்துருவேன்."

"தெரியல" என்றாள் என் மகள்.

"சரி. அழாத" என்றாள் அந்தப் பெண். உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் வந்தால் அவமரியாதை என்று குடித்தோம்.

அந்த வருடப் பரீட்சை முடிந்ததும் அந்தப் பெண்ணை மலையடிவாரத்தில் இருக்கிற வத்திராயிருப்பில் சித்தி வீட்டில் விட்டு, அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஊர் மாறினால் தேறிவிடுவாள் என்று நானும் நம்பினேன். ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். பழக் கடை ஓரமாக நின்று பேசினோம்.

"எப்படி இருக்கா?"

"இருக்காக்கா. அங்கயும் ஒரு பிள்ள போன்ல வைச்சிருந்துச்சாம். நீதான மைக்செட்டுன்னு கேட்டுச்சாம்."

அழித்த பக்கம் அழியவில்லை. அழிப்பதற்கு முன்னாலேயே எடுத்துவைத்தவர்கள் இருந்தார்கள். யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? மலையடிவாரத்து ஊருக்கு அவள் பஸ் ஏறிப் போவதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அவிய அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லல. அவியளுக்கு எப்படிச் சொல்லுறது? மவ பேச மாட்டேங்காளேன்னு அவியளே வெசனப்பட்டுக் கெடக்காக." வத்திராயிருப்பு பஸ் வந்தது. அவர் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.

மகளின் போன் பீரோவில் கிடக்கிறது. அவள் திருப்பிக் கேட்கவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறாள். முன்பும் கேட்டாள். அதனால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். நல்ல முகம். அதற்குப் பின்னால் என்ன ஓடுகிறதென்று பார்க்க எந்த ஆப்பும் இல்லை. பெற்றவளுக்குத் தெரியும் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை.

மில்லில் எதிர் மேஜைப் பெண் அந்த ஆப்பை மறுபடியும் கேட்டாள். நடந்தது எதையும் நான் அங்கே சொல்லவில்லை. மதிய இடைவேளையில் அவள் போனிலும், மில்லுக்கு வரச் சொல்லியிருந்த அவள் மகனின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன்.

"இனி அவனப் பத்தி எல்லாம் தெரிஞ்சிருமாக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

"எங்க இருக்கான்னு தெரியும்" என்றேன்.

போன சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கிறோம் என்று மகளின் வகுப்புப் பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். புதிய தோழிகள். யாரிடமும் போன் இல்லை. நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. என் மகளின் சிரிப்பு தனியாகக் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன. எந்தத் தாய்க்கும் அந்தச் சத்தம் கேட்டால் வயிறு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. டம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லோரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. குடிங்க."

தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து கதவருகே நின்றேன். சிறிது நேரம் புத்தகம் புரளும் சத்தம். பிறகு யாரோ எதையோ மெதுவாகச் சொல்ல, அடக்கிக்கொண்ட சிரிப்பு மறுபடியும் கிளம்பியது. யாரைப் பற்றி என்று உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.